பாடாணம் மருந்தான வரலாறு: வேலூரில் சிரைவழி ஆர்சனிக் சிகிச்சையும் அதன் காப்புநெறிகளும்

ஆய்வுச்சுருக்கம்

கடும் புரோமைலோசைட்டிக் குருதிப்புற்றுக்குச் சிரைவழிச் செலுத்தப்படும் ஆர்சனிக் டிரையாக்சைடு, தமிழ் மருத்துவ மரபில் வெள்ளைப் பாடாணம் எனப்பட்ட பொருளே ஆகும். 1998 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இம்மருந்து தனிமருந்தாகப் பயன்படுத்தப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. மருந்தின் பக்கவிளைவுகள் எவ்வாறு அறியப்பட்டன, அவற்றுக்கான காப்புநெறிகள் எவ்வாறு உருவாயின, ஆலங்காயம் போன்ற ஊர்களிலிருந்து வரும் நோயாளிக்கு அந்நெறிகள் எத்தகைய பொருள் உடையவை என்பன இதில் விளக்கப்படுகின்றன. நஞ்சு மருந்தாக மாறியது அப்பொருளின் மாற்றத்தால் அன்று. அதனைச் சூழ்ந்த கண்காணிப்பின் வளர்ச்சியால் என்பதே கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஆர்சனிக் டிரையாக்சைடு, பாடாணம், குருதிப்புற்று, வேலூர், ஆலங்காயம், காப்புநெறி, மருத்துவ வரலாறு.

முன்னுரை

ஜவ்வாது மலையடிவாரத்தில் அமைந்த ஆலங்காயம், காவலூர் வானாய்வகத்திற்குச் செல்லும் வழியிலுள்ள சிற்றூராகவே பெரும்பாலும் அறியப்படுகிறது. 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமாகும் வரை இவ்வூர் வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தின் தென்விளிம்பில் இது அமைந்துள்ளது. இவ்வட்டாரத்தின் மக்கள் பெருநோய்க்கு நாடிச் செல்லும் இடங்களுள் முதன்மையானது, 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவப் பணியிலிருந்து வளர்ந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

இவ்வட்டாரத்தின் அண்மைக்கால வரலாற்றில் வேதிப்பொருள் என்ற சொல் பெரும்பாலும் தீங்கின் பெயராகவே பதிவாகியுள்ளது. பாலாற்றின் மாசும் தோல் கழிவும் குறித்த ஆய்வுகள் மிகுதி. அதே வட்டாரத்தில், அதே காலப்பகுதியில், கொடிய நஞ்சு ஒன்று உயிர்காக்கும் மருந்தாக நிலைபெற்ற வரலாறு தமிழ் ஆய்வுலகில் போதிய கவனம் பெறவில்லை. அவ்வரலாற்றை அதன் பக்கவிளைவுகளிலிருந்தும் காப்புநெறிகளிலிருந்தும் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கம். தோல் தொழிலுக்கும் இங்குப் பேசப்படும் குருதிப்புற்றுக்கும் காரணகாரியத் தொடர்பு கற்பித்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று.

தமிழ் மரபில் பாடாணம்

சித்த மருத்துவம் பாடாணங்களை 64 எனத் தொகுத்து, பிறவிப் பாடாணம் 32, வைப்புப் பாடாணம் 32 என இரண்டாகப் பகுக்கிறது. இவற்றுள் ஆர்சனிக் கலந்தவை பல. அரிதாரம் அல்லது தாளகம் என்பது மஞ்சள் நிற ஆர்சனிக் சல்பைடு. மனோசிலை என்பது செந்நிற ஆர்சனிக் சல்பைடு. வெள்ளைப் பாடாணம் என்பது ஆர்சனிக் டிரையாக்சைடு. இவற்றை மருந்தாக்குமுன் சுத்தி செய்தல் வேண்டும் என்பதும், மிகக் குறைந்த அளவில், உரிய அனுபானத்துடன், பத்தியம் காத்து உட்கொள்ளுதல் வேண்டும் என்பதும் அம்மரபின் விதிகள். பொருள் நஞ்சென்பதை மறுக்காமல், அதைச் சூழ நெறிகளை அமைத்தல் என்ற சிந்தனை இவ்விதிகளில் உள்ளது.

எனினும் இவ்வொற்றுமையை மிகைப்படுத்துதல் கூடாது. சுத்தி, பத்தியம் ஆகியவை ஆசிரியர் வழி மாணவர்க்கு வந்த பட்டறிவு சார்ந்தவை. நவீனக் காப்புநெறி குருதியில் பொட்டாசியத்தின் அளவு, இதயமின் வரைபடத்தில் காணும் இடைவெளி எனத் தனித்தனி நோயாளியில் நாள்தோறும் அளந்தறியும் எண்களைச் சார்ந்தது. சித்த மருத்துவப் பாடாண மருந்துகளும் சிரைவழி ஆர்சனிக்கும் ஒன்றே எனக் கொள்வது வரலாற்றுப் பிழை மட்டுமன்று. நோயாளிக்கு இடர் தரும் பிழையும் ஆகும்.

தொழிலிலும் ஆர்சனிக்கிற்கு இடம் இருந்தது. மென்மையான ஆட்டுத்தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்புடன் மனோசிலை கலந்து பயன்படுத்தும் முறை உலகின் பல தோல் பதனிடும் மையங்களில் வழங்கியது. பச்சைத்தோல் கெடாமல் காக்க ஆர்சனிக் கரைசலில் நனைப்பதும் உண்டு. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையால் பதனிடுவது மரபாக இருந்தது. 1903இல் ஆல்பிரட் சாட்டர்ட்டன் சென்னையில் குரோம் பதனிடும் முயற்சிகளைத் தொடங்கினார். பிற்காலத்தில் வேலூர் வட்டாரத் தோல் தொழிலின் அடையாள வேதிப்பொருளாக ஆனது ஆர்சனிக் அன்று, குரோமியமே.

மேலை மருத்துவத்தில் ஆர்சனிக்கின் எழுச்சியும் வீழ்ச்சியும்

1786இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் ஃபௌலர் பொட்டாசியம் ஆர்சனைட்டின் 1 விழுக்காட்டுக் கரைசலை அறிமுகப்படுத்தினார். காய்ச்சல் முதல் தோல் நோய் வரை பலவற்றுக்கும் வழங்கப்பட்ட அக்கரைசல், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாட்பட்ட மைலாய்டு குருதிப்புற்றிலும் பயன்பட்டது. வெள்ளணுக்களின் எண்ணிக்கை அதனால் குறைவதை 1878இல் பாஸ்டன் மருத்துவர்கள் பதிவு செய்தனர். 1910இல் பால் எர்லிக்கின் சல்வர்சான் என்ற ஆர்சனிக் சேர்மம் மேகநோய்க்கு மருந்தாக வந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கதிர்வீச்சும் புதிய புற்றுநோய் மருந்துகளும் வந்தபின் ஆர்சனிக் மருத்துவத்திலிருந்து ஏறத்தாழ மறைந்தது.

இம்மறைவிற்கு நியாயமான காரணம் இருந்தது. நீண்டகாலம் ஆர்சனிக் உட்கொண்டோரிடம் தோல் தடித்தல், நிறமாற்றம், நரம்புத் தளர்ச்சி, தோல் புற்று ஆகியவை காணப்பட்டன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆர்சனிக்கை மனிதரில் புற்று உண்டாக்குவதாக ஐயமற நிறுவப்பட்ட முதல் வகுப்பில் வைத்துள்ளது. வங்கப் பகுதியின் நிலத்தடி நீரில் உள்ள ஆர்சனிக்கால் பெருந்தொகையான மக்கள் துன்புற்றதும் அறிந்ததே. உலக நலவாழ்வு அமைப்பு குடிநீரில் ஏற்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வேலூரில் வயது வந்த நோயாளிக்கு வழங்கப்பட்ட நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் ஆர்சனிக் டிரையாக்சைடில் ஏறத்தாழ 7.6 மில்லிகிராம் ஆர்சனிக் உள்ளது. வழிகாட்டு அளவிலுள்ள நீரில் 760 லிட்டரில் அடங்கும் ஆர்சனிக் இது. இந்த ஒப்பீடே காப்புநெறியின் தேவையை உணர்த்தப் போதுமானது.

நோயும் மருந்தின் மீள்வருகையும்

கடும் புரோமைலோசைட்டிக் குருதிப்புற்றை 1957இல் நார்வே மருத்துவர் லெய்ஃப் ஹில்லெஸ்டாட் தனி நோயாக விவரித்தார். குருதி உறைதல் சீர்குலைந்து, மூளையிலோ நுரையீரலிலோ குருதி கசிந்து, நோயறிந்த சில நாள்களிலேயே உயிர் பிரியக்கூடிய நோய் இது. 15ஆம், 17ஆம் குரோமோசோம்களின் பகுதிகள் இடம் மாறிக்கொள்வதை 1977இல் ஜேனட் ரௌலி குழுவினர் கண்டறிந்தனர். அம்மாற்றத்தால் பி.எம்.எல்.–ஆர்.ஏ.ஆர்.ஏ. என்ற கலப்புப் புரதம் தோன்றி, வெள்ளணுக்கள் முதிர்ச்சி பெறாமல் தடுக்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

சிகிச்சையின் திருப்பம் சீனத்தில் நிகழ்ந்தது. 1970களின் தொடக்கத்தில் ஹார்பின் நகரின் ஜாங் திங்டொங் குழுவினர், ஆர்சனிக், பாதரச உப்பு, தேரை நஞ்சு ஆகியவை அடங்கிய நாட்டு மருந்தொன்றை ஆராய்ந்தனர். அதில் பயன் தருவது ஆர்சனிக்கே எனப் பிரித்தறிந்து, அதனை ஊசிமருந்தாக்கினர். 1980களில் ஷாங்காயில் வாங் சென்யி முழு டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலத்தை இதே நோய்க்குப் பயன்படுத்தி, 1988இல் முடிவுகளை வெளியிட்டார். 1990களின் பிற்பகுதியில் ஷாங்காய் ஆய்வாளர்களின் கட்டுரைகள் ஆர்சனிக்கின் பயனை உலகறியச் செய்தன. 1998இல் நியூயார்க்கில், நோய் மீண்ட 12 பேருள் 11 பேர் ஆர்சனிக் டிரையாக்சைடால் முழுத்தணிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. 2000 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இம்மருந்தை ஏற்றது.

ஆயினும் அவ்வேற்பு, பிற சிகிச்சைக்குப் பணியாத அல்லது மீண்டும் தோன்றிய நோய்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. முதல்முறை நோயறியப்பட்டவர்க்கு ரெட்டினாயிக் அமிலமும் வழக்கமான புற்றுக்கொல்லி மருந்துகளும் சேர்ந்த சிகிச்சையே மேலைநாடுகளின் நெறியாயிற்று. அச்சிகிச்சை, எலும்பு மச்சையை ஒடுக்கி நோயாளியை நீண்ட நாள் தொற்றுக்கு ஆட்படுத்தும். குருதிக்கூறுகளும் உயர்வகை நுண்ணுயிர்க்கொல்லிகளும் நெடிய மருத்துவமனைத் தங்கலும் தேவைப்படும். காப்பீடு இல்லாத இந்தியக் குடும்பத்திற்கு இது பெரும்பாலும் எட்டாத சிகிச்சை. வேலூர் ஆய்வின் தேவை இங்கிருந்தே எழுந்தது.

வேலூரின் பங்களிப்பு

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குருதியியல் துறையில், விக்ரம் மேத்யூஸ், அலோக் ஸ்ரீவஸ்தவா, மாமன் சாண்டி முதலியோர் அடங்கிய குழு, முதல்முறை நோயறியப்பட்டோர்க்கு ஆர்சனிக் டிரையாக்சைடைத் தனிமருந்தாக வழங்கும் முறையை வகுத்தது. முழுத்தணிவு கிட்டும் வரை, 60 நாளுக்கு மிகாமல் நாள்தோறும் மருந்து. 4 வார இடைவெளிக்குப்பின் 4 வாரம் உறுதிப்படுத்தும் சிகிச்சை. மீண்டும் ஓர் இடைவெளிக்குப்பின் மாதத்திற்கு 10 நாள் என 6 மாதம் தொடர்சிகிச்சை என்பது அதன் அமைப்பு.

1998 சனவரி முதல் 2004 திசம்பர் வரை சிகிச்சை பெற்ற 72 நோயாளிகளின் முடிவுகள் 2006இல் 'பிளட்' இதழில் வெளிவந்தன. 86.1 விழுக்காட்டினர் முழுத்தணிவு பெற்றனர். மூன்றாண்டு உயிர்வாழ்வு 86.11 விழுக்காடு என மதிப்பிடப்பட்டது. நோயறியும்போது வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 5,000க்குக் குறைவாகவும் தட்டணுக்கள் 20,000க்கு மேலாகவும் இருந்த 22 பேரிடம் அக்காலத்தில் இறப்போ நோய் மீள்வோ நிகழவில்லை. பெரும்பாலோரிடம் பக்கவிளைவுகள் மிதமானவையாகவும் மீளக்கூடியவையாகவும் இருந்தன. முழுத்தணிவுக்குப் பிந்தைய மருந்தேற்றம் புறநோயாளி நிலையிலேயே நடைபெற்றது.

2010இல் வெளியான நீண்டகாலத் தொடராய்வில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 74.2 விழுக்காடு எனக் கணிக்கப்பட்டது. இவ்விரு எண்களையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். தனிமருந்து முறை பலரைக் காத்தது, எல்லாரையும் காக்கவில்லை. வெள்ளணு மிகுந்த நிலையில் வருவோர்க்குக் கூடுதல் சிகிச்சை தேவை என்பதும் புலனாயிற்று. 2013இல் வெளிவந்த இத்தாலிய–ஜெர்மானிய ஆய்வு, குறைந்த, இடைநிலை இடருடைய நோயாளிகளில் ஆர்சனிக்கும் ரெட்டினாயிக் அமிலமும் இணைந்த சிகிச்சை, புற்றுக்கொல்லி சேர்ந்த சிகிச்சைக்குக் குறைந்ததன்று எனக் காட்டியது. 2018இல் அமெரிக்க நிர்வாகம் அவ்விணைப்பை முதல்நிலைச் சிகிச்சையாக ஏற்றது. 2019இல் உலக நலவாழ்வு அமைப்பின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் ஆர்சனிக் டிரையாக்சைடு இடம்பெற்றது. முதல்முறை நோயாளிக்கு ஆர்சனிக் வழங்கலாம் என்ற முடிவுக்கு வேலூர் மருத்துவர்கள் அதற்கு 20 ஆண்டுகள் முன்பே வந்திருந்தனர்.

பக்கவிளைவுகளும் காப்புநெறிகளும்

இம்மருந்தின் காப்புநெறிகள் ஒரே நாளில் வகுக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னும் நோயாளிகளின் துன்பமோ இறப்போ உண்டு.

முதலாவது, முதிர்வு நோய்க்கூட்டு. தடைபட்ட வெள்ளணுக்கள் மருந்தின் தூண்டலால் திரளாக முதிரத் தொடங்கும்போது காய்ச்சல், மூச்சுத்திணறல், உடல் எடை கூடுதல், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தல் ஆகியவை தோன்றலாம். ரெட்டினாயிக் அமிலம் பெற்றோரிடம் இது 1992இல் விவரிக்கப்பட்டது. பின்னர் ஆர்சனிக் பெற்றோரிடமும் காணப்பட்டது. ஐயம் எழுந்தவுடன், ஆய்வு முடிவுகளுக்குக் காத்திராமல், டெக்சாமெத்தசோன் 10 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை தொடங்குவது நெறியாயிற்று. நோயாளியை நாள்தோறும் எடைபார்க்கும் எளிய செயல் இந்நெறியின் பகுதி. ஒரே நாளில் கூடும் எடை உடலில் தேங்கும் நீரின் அறிகுறி.

இரண்டாவது, இதயத் துடிப்பின் சீர்குலைவு. இதயத் தசையணுக்களில் பொட்டாசியம் வெளியேறும் வாயில்கள் அணுப்படலத்தைச் சென்றடைவதை ஆர்சனிக் தடுக்கிறது. இதனால் இதயமின் வரைபடத்தில் க்யூ–டி எனப்படும் இடைவெளி நீள்கிறது. அது மிகும்போது உயிர்பறிக்கும் துடிப்புக் கோளாறு தோன்றலாம். 2000இல் ஜப்பானிய மருத்துவர்கள் இதனை எச்சரித்தனர்; 2001இல் அமெரிக்காவில் திடீர் இறப்புகள் பதிவாயின. ஆகவே சிகிச்சைக்கு முன்பும் சிகிச்சையின்போதும் இதயமின் வரைபடம் எடுத்தல், பொட்டாசியத்தை லிட்டருக்கு 4 மில்லி ஈக்குவலன்ட்டுக்கு மேலும் மக்னீசியத்தை டெசிலிட்டருக்கு 1.8 மில்லிகிராமுக்கு மேலும் வைத்திருத்தல், இடைவெளி 500 மில்லி நொடியைத் தாண்டினால் மருந்தை நிறுத்திக் காரணத்தைச் சீராக்குதல் ஆகியவை கட்டாயமாயின.

மூன்றாவது, கல்லீரல் நொதிகளின் உயர்வு, வெள்ளணுக்களின் திடீர்ப் பெருக்கம், கைகால் மரத்தல், தோல் தடிப்பு, குமட்டல் முதலியன. மருந்தேற்றும்போது முகம் சிவத்தல், தலைசுற்றல் தோன்றினால் செலுத்தும் நேரத்தை நீட்டிக்க வேண்டும். ஆர்சனிக் பெரும்பாலும் சிறுநீர்வழி வெளியேறுவதால் சிறுநீரகச் செயல்திறனும் கண்காணிக்கப்படுகிறது. கருவுக்குத் தீங்கு செய்யுமாதலால் சிகிச்சைக் காலத்தில் கருவுறுதலும் பாலூட்டுதலும் தவிர்க்கப்பட வேண்டும். வைட்டமின் பி1 குறைபாட்டால் மூளை பாதிக்கப்படும் நிலையும் பின்னாளில் எச்சரிக்கையாகச் சேர்க்கப்பட்டது. மருந்தைக் கலக்கும் செவிலியரும் மருந்தாளுநரும் கையுறை அணிதல், கழிவைத் தனியே அகற்றுதல் ஆகியன அவர்களைக் காக்கும் நெறிகள்.

இவையனைத்திற்கும் மேலாக, முதல் சில நாள்களில் குருதிக் கசிவைத் தடுத்தலே உயிர்காப்பின் முதற்படி. தட்டணுக்களும் உறைபொருள்களும் உரிய நேரத்தில் ஏற்றப்படாவிடில், சிறந்த மருந்தும் செயற்படக் காலம் கிடைப்பதில்லை.

ஆலங்காயத்திலிருந்து நோக்குதல்

மேற்கண்ட முறையை ஆலங்காயத்தைச் சேர்ந்த நோயாளியின் நிலையில் வைத்து எண்ணிப் பார்க்கலாம். தணிவூட்டலுக்கு 60 நாள் வரை, உறுதிப்படுத்தலுக்கு 28 நாள், தொடர்சிகிச்சைக்கு 60 நாள் என மருந்தேற்றும் நாள்கள் மட்டும் 148 வரை ஆகும். பிற்பகுதி புறநோயாளி நிலையில் நடைபெறுவது செலவைக் குறைக்கிறது. ஆனால் தோல் தொழிற்சாலையிலோ காலணித் தொழிற்கூடத்திலோ நாட்கூலி பெறுபவர்க்கும் உடன் வருபவர்க்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலியின் இழப்பு. மருந்து எளிதாகியதால் சிகிச்சை எளிதாகிவிட்டது எனக் கொள்ள இயலாது.

புறநோயாளி நிலை மற்றொரு மாற்றத்தையும் கொணர்ந்தது. காப்புநெறியின் ஒரு பகுதி மருத்துவமனைச் சுவரைக் கடந்து ஊருக்கு வந்தது. இரு மருந்தேற்றங்களுக்கு இடையில் வாந்தியோ காய்ச்சலோ கண்டு உள்ளூர் மருத்துவரை நாடும் நோயாளிக்கு, வழக்கமாகத் தரப்படும் ஆன்டான்செட்ரான், அசித்ரோமைசின், ஃபுளூகோனசோல் போன்றவையும் க்யூ–டி இடைவெளியை நீட்டக்கூடியவை. வயிற்றுப்போக்கு பொட்டாசியத்தைக் குறைக்கும். இத்தருணத்தில் பாடாணம் கலந்த மருந்தைத் தாமாக உட்கொண்டால் ஆர்சனிக்கின் அளவு கணக்கின்றி உயரும். ஆகவே நோயாளி தம் சிகிச்சைக் குறிப்பேட்டை எப்போதும் உடன் வைத்திருப்பதும், எம்மருத்துவரிடமும் ஆர்சனிக் பெறுவதைத் தெரிவிப்பதும், உள்ளூர் மருத்துவர் வேலூருடன் தொடர்பு கொள்வதும் காப்புநெறியின் பிரிக்கவியலா உறுப்புகள். இவற்றை நோயாளிக்குப் புரியும் தமிழில், ஒரே பொருளுடைய கலைச்சொற்களால் எழுதித் தருவது மொழிப்பணி மட்டுமன்று, மருத்துவப் பணியும் ஆகும்.

முன்னெச்சரிக்கை என்னும் கோட்பாடு

இவ்வட்டாரத்தின் வரலாற்றில் முன்னெச்சரிக்கை என்ற சொல்லுக்கு மற்றொரு தோற்றுவாயும் உண்டு. 1996 ஆகத்து 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்துவோரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என அறிவித்தது. தீங்கு ஐயமற நிறுவப்படும் வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு இரண்டாண்டுக்குள் வேலூரில் ஆர்சனிக் சிகிச்சை தொடங்கியது.

இவ்விரு நிகழ்வுகளும் ஒன்றையொன்று பிறப்பித்தவை அல்ல. ஆயினும் அருகருகே வைத்து நோக்கும்போது ஒரு வேறுபாடு தெளிவாகிறது. ஆற்றில் கலந்த வேதிப்பொருளுக்கு அளவு குறிப்போரும் இல்லை, விளைவைக் கண்காணிப்போரும் இல்லை, அதை ஏற்க இசைந்தோரும் இல்லை. மருத்துவமனையில் செலுத்தப்பட்ட நஞ்சுக்கு அளவு, கண்காணிப்பு, நோயாளியின் இசைவு, பொறுப்பேற்கும் மருத்துவர் ஆகிய நான்கும் இருந்தன. மருந்துக்கும் மாசுக்கும் இடையிலான எல்லையை வகுத்தவை இந்நான்கே.

முடிவுரை

ஆர்சனிக் டிரையாக்சைடின் வேதி இயல்பு பாடாண நூல்களின் காலத்திலும் ஃபௌலரின் காலத்திலும் இன்றும் ஒன்றே. மாறியவை, அது செயற்படும் நோயை இனங்கண்ட அறிவும், அதன் தீங்கை நாள்தோறும் அளக்கும் முறையும் ஆகும். வேலூர் மருத்துவர்களின் பங்களிப்பு மருந்தைக் கண்டுபிடித்ததில் இல்லை. பொருள்வளம் குன்றிய சூழலிலும் அதனை முதல்நிலைச் சிகிச்சையாகப் பாதுகாப்புடன் வழங்க இயலும் எனக் காட்டியதில் உள்ளது.

ஆய்வு மேலும் செல்லவேண்டிய திசை ஒன்றும் உள்ளது. மனோசிலையும் அவுரி வகையும் கலந்த வாய்வழி மருந்து, சிரைவழி ஆர்சனிக்குக் குறைந்ததன்று எனச் சீன ஆய்வாளர்கள் 2013இல் காட்டியுள்ளனர்; ஹாங்காங்கிலும் வாய்வழி ஆர்சனிக் டிரையாக்சைடு பயன்பாட்டில் உள்ளது. அத்தகைய மருந்து இங்கும் பரவுமாயின், 148 நாள் பயணத்தின் பெரும்பகுதி குறையும். ஆனால் மருந்து வீட்டிற்கு வரும்போது இதயமின் வரைபடமும் குருதிச் சோதனையும் அதனுடன் ஊருக்கு வருதல் வேண்டும். அவை வாராவிடில், வீட்டை அடைவது மருந்தன்று, பாடாணமே.